பெண்கள் நிற்கும் வளைவு

"அவர எங்கன வைக்கிறாகன்னு நான் ஒரு தடவ பாக்கணும்" என்று அம்மா முதன்முதலில் சொன்னபோது அப்பா உயிரோடுதான் இருந்தார். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பால் விடாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

"பாரு, என்னைய இன்னைக்கே அனுப்பி வைக்கிறா உங்கம்மா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. தேயிலை ஃபேக்டரியில் அடுப்பெரிக்கும் வேலையில் காலம் கழித்தவர். அவர் நெஞ்சில் குடியேறியிருந்ததற்குக் கோட்டயத்து டாக்டர்கள் நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அப்பா அதைத் தூசி என்று மட்டும் சொல்லுவார்.

எங்கள் எஸ்டேட் வண்டிப்பெரியாரிலிருந்து ஏலப்பாறை போகும் வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. தொழிலாளிகளுக்குக் கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளை இங்கே லயம் என்பார்கள். எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் அப்பாவும் அம்மாவும் என் தம்பி குடும்பமும் இருந்தார்கள். தம்பி கொழுந்து ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறான். அவன் வேலையில் இருக்கும்வரை வீடு எங்களுடையது. வீட்டுக்குக் கீழே பாதை இறங்கிச் சென்று ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் திரும்பும். அந்தத் திருப்பத்துக்கு அப்பால்தான் இடுகாடு.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். பிணத்தை அந்த வளைவில் இறக்கி வைத்துத் தலைமாடு கால்மாடு மாற்றித் திருப்புவார்கள். பெண்கள் வாய்க்கரிசி போட்டு, மாரில் அடித்து அழுதுவிட்டு, திரும்பிப் பாராமல் வீட்டுக்குப் போய்விட வேண்டும். பெண்டாட்டியானாலும் அவ்வளவுதான், பெற்றவளானாலும் அவ்வளவுதான். கல்யாணமாகி இந்த லயத்துக்கு வந்த நாளிலிருந்து அம்மாவுக்கு அந்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. மாமனாரை அங்கே அனுப்பினாள், மாமியாரை அனுப்பினாள். எனக்கு முன்னால் பிறந்து பால்குடி மறக்காமலே போன ஒரு பிள்ளையையும் அந்த மரத்தடியில்தான் ஆண்கள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். அடுப்படியில் நின்றால் மண்வெட்டிச் சத்தம் கேட்கும். கேட்கத்தான் முடியும்.

"நான் பாத்துக்கிறேம்மா" என்றேன்.

"இது ஊருக்கெல்லாம் நீ சொல்றதுதான" என்றாள் அம்மா.

அவள் சொன்னது சரி. நான் அப்போது இரண்டாவது முறையாக எம்எல்ஏ. 'பாத்துக்கிறேன்' என்பது தூக்கத்தில்கூட என் வாயில் வரும் சொல்லாகியிருந்தது. பஞ்சாயத்து வார்டு மெம்பராகத் தொடங்கியவள் என்பதால் சனங்கள் இன்றைக்கும் என்னை மெம்பரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எம்எல்ஏ என்று கூப்பிட்டால் தூரமாகிப் போய்விடுவேனோ என்று அவர்களுக்குப் பயம். எனக்கும் அந்தப் பயம் உண்டு.

சட்டமன்ற உறுப்பினரின் வேலை சட்டம் இயற்றுவது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதை எழுதியவர் மலைக்கு வந்ததில்லை. இங்கே சட்டமன்ற உறுப்பினரின் வேலை பாதிக்கு மேல் சாவு வீட்டுக்குப் போவது. மீதி கல்யாணம், சடங்கு, மாதாகோயில் திருவிழா, பால் சொசைட்டித் திறப்பு விழா. கல்யாணத்துக்குப் போகாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள், அடுத்த தேர்தலுக்குள் ஆறிவிடும். சாவுக்குப் போகாவிட்டால் பேரப்பிள்ளை ஓட்டுப்போடும் காலத்திலும் அது ஞாபகம் இருக்கும்.

அதனால் வண்டிப்பெரியாரில் ஒரு பூக்கடையோடு எனக்கு நிரந்தரமான ஏற்பாடு. ரீத்து என்று இங்கே எல்லோரும் சொல்லும் மலர்வளையம், குறுக்கே ரிப்பனில் தங்கத்தாளில் 'எம்எல்ஏ' என்று வெட்டி ஒட்டியது. எங்கே சாவு என்று தெரிந்தால் போதும், என் வண்டி ஓட்டும் தோழர் என்னைக் கேட்காமலே கடையில் நிறுத்தி வாங்கி டிக்கியில் வைத்துவிடுவார். என்னைவிட மூத்தவர், அதிகம் பேசாதவர். என் துக்கத்தை டிக்கியில் வைத்துச் சுமந்தவர் என்று அவரைக் கேலி செய்வேன். அவர் சிரித்ததில்லை.

மூடுபனிக் காலத்தில் இந்தத் தொழில் இன்னும் கஷ்டம். ஒரு முறை ஏலப்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் வயதானவர் ஒருவர் இறந்துபோனதாகச் செய்தி. போனால் பக்கத்தில் இருப்பவர் முகமே தெரியாத பனி. நீலத் தார்ப்பாய் கட்டிய வாசல் ஒன்று மங்கலாகத் தெரிந்தது, பெஞ்சுகள் தெரிந்தன, கூடி நிற்கும் ஆட்கள் தெரிந்தார்கள். நான் சாவு வீட்டு முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, கையில் ரீத்தோடு உள்ளே நுழைந்தேன். நடுவீட்டில் பட்டுப்பாவாடை கட்டிய ஒரு பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. எதிரே ஏழு வகைச் சோறு. சடங்கு வீடு. சாவு மேல் லயத்தில். இங்கே சாவுக்கும் சடங்குக்கும் ஒரே தார்ப்பாய்தான், எஸ்டேட் சங்கத்திலிருந்து இரவல் வாங்குவது. வீட்டுக்காரி என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி, "வாங்க மெம்பரக்கா, கையில உள்ளத வெளியில வச்சுட்டு ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க, மேல உள்ளவரு எங்கயும் போயிர மாட்டாரு" என்றாள். சாப்பிட்டேன். அந்த வீட்டு ஓட்டு இன்றுவரை எனக்குத்தான்.

சபை கூடும் நாட்களில் திருவனந்தபுரத்தில் இருப்பேன். எம்எல்ஏ ஹாஸ்டல் அறையில் மின்விசிறிச் சத்தம் கேட்டுக்கொண்டே கிடந்தால் அது ஃபேக்டரிச் சத்தமாகி, நான் அதற்குள் தூங்கிப்போவேன். கனவில் சபாநாயகர் மேடைக்குக் கீழே தேயிலைச் செடிகள் வரிசை வரிசையாக நிற்கும். மந்திரிமார் இடுப்பளவு செடிக்குள் நின்று பதில் சொல்லுவார்கள். நான் கேட்கும் கேள்வி மலையாளத்தில் தொடங்கித் தமிழில் முடியும், யாரும் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள். கூரையிலிருந்து பனி இறங்கும். விழித்த பிறகும் எது சபையில் நடந்தது, எது தூக்கத்தில் நடந்தது என்று பிரிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். மந்திரி உடனே சம்மதித்திருந்தால் அது தூக்கத்தில் நடந்தது. அப்படித்தான் பிரித்துக்கொள்வேன்.

நான் அந்த வளைவைத் தாண்டியவள். அதுதான் இதில் வேடிக்கை.

மெம்பரான புதிதில் ஒரு மழைக்காலத்தில் லயத்துச் சுவர் இடிந்து ஒரு தொழிலாளி செத்துப்போனார். தாசில்தார் வந்தார், போலீஸ் வந்தது, கம்பெனி ஆட்கள் வந்தார்கள். அவர்களோடு சண்டை போட்டுக்கொண்டே பிணத்துக்குப் பின்னால் நடந்தேன். சண்டை மும்முரத்தில் குடையைப் பிடித்தபடி வளைவைத் தாண்டியது எனக்கே தெரியாது. குழிக்கரையில் நின்றபோதுதான் சுற்றிலும் பார்த்தேன், எல்லாம் ஆண்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கோயில் கமிட்டித் தலைவர் என் சித்தப்பா, அப்பாவின் தம்பி. சாவுக்கு முறை சொல்லுகிறவர் அவர்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் தீர்ப்பு மாதிரி சொன்னார்: "மெம்பர்ன்னா ஆம்பளயும் கெடையாது, பொம்பளயும் கெடையாது. அது ஒரு பதவி. ரீத்து வைக்க வரலாம்."

அன்றிலிருந்து என் வழி திறந்துவிட்டது. எந்த எஸ்டேட்டில் சாவானாலும் பெண்கள் நிற்பார்கள், நான் ரீத்தோடு நடப்பேன். கட்சிக் கூட்டங்களில், மகளிர் மாநாடுகளில் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஒரு கூட்டத்தில் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து தானும் கைதட்டினாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் கேட்டாள்.

"அங்கிட்டு எப்பிடி இருக்கும்?"

யோசித்துப் பார்த்தேன். எத்தனையோ முறை போயிருக்கிறேன், சொல்லத் தெரியவில்லை. ஆட்கள் இருந்தார்கள், குழி இருந்தது, அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிக்கொண்டே இருந்தது.

"மேடும் பள்ளமுந்தாம்மா" என்றேன்.

அம்மா அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். அப்பாவுக்கு மூச்சு வாங்குவது கூடக் கூட அவளுக்கு அந்த ஆசையும் கூடியது. பக்கத்து வீட்டில் அம்மாவின் சிநேகிதி இருந்தார். மதினி என்றே இருவரும் அழைத்துக்கொள்வார்கள். மாதாகோயில்காரர், அவர்கள் ஆட்களில் பெண்கள் கல்லறைவரை பாட்டுப் பாடிக்கொண்டு போவார்கள், மண்ணும் போடுவார்கள்.

"நாங்க போறோமே மதினி, பூமி என்ன பொளந்தா போச்சு?" என்பார் அவர்.

"உங்களுக்கு முன்னால ஃபாதர் நடக்காரு. எங்களுக்கு யாரு இருக்கா?"

"அடியாத்தே! எம்எல்ஏவப் பெத்து வச்சுக்கிட்டுக் கேக்கிற கேள்வியப் பாரு."

இரண்டு பேரும் என்னைப் பார்ப்பார்கள். நான் ஃபோனைப் பார்ப்பேன்.

சும்மா இருந்துவிடவில்லை. சித்தப்பாவிடம் பேசினேன். "அண்ணன் இன்னும் இருக்காரு, அதுக்குள்ள என்ன பேச்சு இது" என்று எழுந்து போய்விட்டார். கட்சிக் கிளைக் கூட்டத்தில் எடுத்தேன். கேரளத்தில் பெண்கள் எதையெல்லாம் தாண்டியிருக்கிறார்கள் என்று மணிக்கணக்கில் பேசக்கூடிய தோழர்கள், "அது பண்பாட்டு விஷயம், பையப் போகலாம்" என்றார்கள். பையப் போவதில் எங்கள் ஆட்களை அடித்துக்கொள்ள முடியாது. அட்டைப்பூச்சிகூட எங்களை முந்திக்கொண்டு போய்விடும். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. இதற்குச் சபையில் கேள்வி போட முடியாது, இதற்கு மந்திரி கிடையாது.

அப்பா போன அன்று நான் சபையில் இருந்தேன். ஏதோ ஒரு மசோதாவின் மேல் நீண்ட விவாதம். குளிரூட்டிய மண்டபம், மெத்தை நாற்காலி, ஒரே தாளத்தில் ஒருவர் பேச்சு. கண்ணைத் திறந்துகொண்டே தூங்கக் கற்றிருந்தேன். கனவில் அப்பா வந்தார் என்று சொன்னால் நன்றாக இருக்கும். வந்தது ஒரு தண்ணீர் டாங்கி. குமுளிப் பக்கம் ஒரு வார்டில் கட்டி முடித்துத் தண்ணீர் ஏறாமல் நின்ற டாங்கி, அது காலை மடக்கி என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து மனு கொடுத்தது. அப்போதுதான் சபைக் காவலுக்கு நிற்கும் வாட்ச் அண்ட் வார்டு பெண் தோளைத் தொட்டார். வெளியே வந்து ஃபோனை எடுத்தேன். தம்பி அழுதுகொண்டிருந்தான்.

மலையேறும் வழி முழுக்க அரைத்தூக்கமாகவே வந்தேன். முண்டக்கயம் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் காது அடைத்தது. குட்டிக்கானத்தில் பனி இறங்கி வண்டியின் கண்ணாடியை மூடிக்கொண்டது. வைப்பர் துடைக்கத் துடைக்கச் சாலை கொஞ்சம் தெரிந்து மறுபடி காணாமல் போனது. அப்பா ஃபேக்டரியிலிருந்து வரும்போது அவர் சட்டையில் ஒரு மணம் இருக்கும், பச்சையும் கருகலுமாக. வண்டிக்குள் அது வந்தது. கண்ணாடியை இறக்கினேன், வெளியே ஒரு ஃபேக்டரியில் இலை வறுபடுகிறது. அப்பா இல்லாத உலகத்திலும் இலை வறுபட்டுக்கொண்டிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. அழலாம் என்று நினைத்தேன். எத்தனையோ சாவு வீடுகளில் அழாமல் நின்று பழகிய கண் சொன்னபடி கேட்கவில்லை.

கம்பத்திலிருந்து சொந்தக்காரர்கள் வந்து சேர வேண்டியிருந்ததால் மறுநாள் காலையில்தான் எடுத்தார்கள். எல்லாக் கட்சிக்காரர்களும் வந்தார்கள். ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்து, நான் ஊரெல்லாம் சொல்லிவந்த அதே வாக்கியங்களை என்னிடம் சொன்னார்கள். அவை எவ்வளவு தட்டையானவை என்று கேட்கிற பக்கம் நின்றால்தான் தெரிகிறது. அப்படியும் அவர்கள் வந்தது பிடித்திருந்தது.

வாசலில் வளையங்கள் சேர்ந்துகொண்டே இருந்தன. ஏலக்காய் வியாபாரிகள் வைத்தது, ஆட்டோக்காரர்கள் வைத்தது, எதிர்க்கட்சி வைத்தது. நடுவில் ஒன்றைப் பார்த்து நின்றுவிட்டேன். ரிப்பனில் தங்கத்தாளில் 'எம்எல்ஏ'. என் வண்டித் தோழர், எங்கள் எஸ்டேட்டில் சாவு என்றதும், பழக்க தோஷத்தில் பூக்கடையில் நிறுத்தி வாங்கி டிக்கியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். என் அப்பாவுக்கு நான் அனுதாபம் தெரிவிக்கும் மலர்வளையம். அவர் என் முகத்தைப் பார்த்ததும் தான் செய்தது உறைத்து, "அய்யோ, ஓர்க்காம, நெனப்பில்லாம வாங்கிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் சிரிப்பு வந்தது எனக்கு. வாயைச் சேலையால் பொத்திக்கொண்டேன். பார்த்தவர்கள் அழுகிறேன் என்று நினைத்து இன்னும் சத்தமாக அழுதார்கள்.

தப்பு மேளச் சத்தத்தோடு வளைவுக்கு வந்தோம். அதுவரைக்கும் கான்கிரீட் நடைபாதை, என் எம்எல்ஏ ஃபண்டில் போட்டது. அதற்கு மேல் கம்பெனியின் குத்தகை நிலம், அரசாங்கப் பணம் அங்கே போகக் கூடாது. பெண்கள் எங்கே நிற்பார்களோ சரியாக அங்கேயே என் கான்கிரீட்டும் நின்றிருந்தது. அப்பாவை இறக்கி வைத்தார்கள், திருப்பினார்கள். நாங்கள் வாய்க்கரிசி போட்டோம். அம்மா போட்டுவிட்டு நகரவில்லை. மதினி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா என்னைப் பார்த்தாள். என் அலுவலகத்துக்கு மனுவோடு வருகிறவர்கள் பார்க்கும் பார்வை அது. இவளால் முடியுமா முடியாதா என்று அளக்கும் பார்வை. பெற்ற தாயிடம் அதைப் பார்க்க வேண்டியிருந்தது.

"சித்தப்பா, அம்மாவும் வரட்டும்" என்றேன்.

சித்தப்பா என் பக்கமாக வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் பேசினார். அவர் கண்ணும் சிவந்திருந்தது. செத்தவர் அவருக்கு அண்ணன்.

"தாயி, நீ ரீத்த எடுத்துக்கிட்டு எம்எல்ஏவா வா. ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். மகளா வந்தா பேச்சு வரும். உங்கம்மாவக் கூட்டிக்கிட்டு வந்தா, அடுத்த சாவுக்கு அம்புட்டுப் பொம்பளயும் வருவாளுக."

"வந்தா என்ன?"

"அத இன்னைக்குப் பேசணுமா? எம்எல்ஏ ரீத்துக்கு ஒரு ஆளு. அது நாம வச்ச மொற. அதுக்கு மேல எங்கிட்டக் கேக்காத."

மழை தூற ஆரம்பித்தது. தூக்கக் காத்திருந்தவர்களில் தம்பியும் ஒருவன், நனைந்த வேட்டியோடு நடுங்கிக்கொண்டிருந்தான். என் நாக்கில் பேச்சு வந்து நின்றது. தயாரான பேச்சு, பல மேடைகளில் பேசிப் பழகியது. சபையின் நடுவில் இறங்கி நின்று மந்திரிமாரைத் திணற அடித்தவள் நான். ஆரம்பித்திருந்தால் ஜெயித்திருப்பேனோ என்னவோ. பாதிப் பேர் என் பக்கம் வந்திருப்பார்கள், பாதிப் பேர் சித்தப்பா பக்கம். நடுவில் தரையில் அப்பா மழையில் கிடந்திருப்பார். அவர் மூச்சுக்குத் திணறி முடித்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அவரை வைத்துக்கொண்டு எனக்கு ஒரு விவாதம் நடத்த மனம் வரவில்லை. அம்மாவையும் விட்டுவிட்டுப் போக முடியவில்லை.

வண்டித் தோழர் பின்னால் தூக்கி வந்திருந்த ரீத்தை வாங்கினேன். கொண்டுபோய் அம்மாவின் கையில் வைத்தேன்.

"எம்எல்ஏ ரீத்து இது. ஒரு ஆளு. அம்மா கொண்டு வருவாக" என்று சித்தப்பாவிடம் சொன்னேன். "நான் மகளா இங்கன நின்னுக்கிறேன்."

சித்தப்பா ரிப்பனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் சொன்ன முறைக்குள்தான் நான் நின்றேன். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தும் அவருக்கு ஓட்டை கிடைக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அல்லது அவரும் அண்ணியை அனுப்ப ஒரு வழி கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருந்தாரோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார்.

"தூக்குங்கப்பா" என்றவர் அம்மா பக்கம் திரும்பினார். "மதினி, பாத வழுக்கும், பாத்து வாங்க."

அம்மா செருப்பைக் கழற்றிப் போட்டாள். ரீத்தை முறம் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் முன்னால் பிடித்துக்கொண்டு கான்கிரீட்டை விட்டு மண்ணில் இறங்கினாள். பனி முதலில் அப்பாவை எடுத்துக்கொண்டது, பிறகு தூக்கியவர்களை, பிறகு தப்படித்தவர்களை. அம்மாவின் வெள்ளைத் தலையும் தங்க எழுத்தும் கொஞ்ச நேரம் தெரிந்தன. பிறகு ஒன்றும் இல்லை.

வழக்கப்படி நாங்கள் திரும்பிப் பாராமல் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஒருத்திகூட நகரவில்லை. மதினி என்னை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். மழை இலைகளில் விழும் சத்தம் கேட்டது, தப்புச் சத்தம் நின்றது, பிறகு மண்வெட்டிச் சத்தம் வந்தது. பார்க்க முடியாத இடத்திலிருந்து அந்தச் சத்தம் வேறு மாதிரி இருந்தது. எத்தனை பிணங்களுக்குப் பின்னால் போயிருக்கிறேன், வளைவில் நின்று கேட்டது அதுதான் முதல் தடவை. என் அப்பாவுக்கு என்ன செய்கிறார்கள், மெதுவாகப் போடுகிறார்களா, முகத்தில் மண் விழுகிறதா, ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் அழுகை வந்தது. எம்எல்ஏ அழுவதைப் பார்க்க அங்கே எந்தக் கேமராவும் இல்லை. சின்னப் பிள்ளை மாதிரி, மூக்கு ஒழுக, நிற்க மாட்டாமல் அந்த மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன்.

எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. பனிக்குள்ளிருந்து அம்மா தனியாக முன்னால் வந்தாள். கை வெறுமையாக இருந்தது. விரலெல்லாம் மண். நேரே வந்து என் பக்கத்தில், ஈர வேரின் மேல் உட்கார்ந்தாள். பெண்கள் எல்லாரும் சுற்றி வந்து நின்றார்கள்.

"எப்பிடிம்மா இருக்கு?" என்று கேட்டேன். போகாதவள் போனவளிடம் கேட்பதுபோல்தான் கேட்டேன். அப்படித்தான் இருந்தது எனக்கு.

அம்மா மூச்சு வாங்கினாள்.

"இம்புட்டு பக்கத்துல இருக்குடி. நான் என்னமோ ஏதோன்னு கெடந்தேன். கூப்புட்டாக் கேக்குற தூரம். நம்ம தேயிலதான் சுத்திலும். கெழக்க தலைய வச்சிருக்காக, மெதுவாத்தான் வச்சாக, உன் தம்பி உள்ள எறங்கிப் புடிச்சான். நானும் மண்ணு போட்டேன்." விரலில் ஒட்டிய மண்ணைப் பார்த்தாள். "பால்குடியில போன அந்தப் பிள்ளைய எங்கன வச்சாகன்னு கேட்டேன். யாருக்கும் தெரியல. அவருக்குத்தான் தெரியும். இருக்கும்போது கேக்காம விட்டுட்டேன்."

மதினி "சேசுவே" என்றார். அம்மா என் பக்கமாகக் குனிந்து, ரகசியம் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தினாள். அவள் முகத்தில் அந்தக் காலையில் நான் எதிர்பார்க்காத ஒரு தெளிவு இருந்தது.

"அவருக்குப் பக்கத்துல ஒரு ஆளுக்கு எடம் கெடக்கு. ஒரு கல்லத் தூக்கி அடையாளம் வச்சுட்டு வந்திருக்கேன். உங்க சித்தப்பாகிட்டயும் சொல்லிட்டேன். இருக்கிற வீட்ட என்னைக்கா இருந்தாலும் காலி பண்ணுன்னுவாக. அத யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டாகல்ல?"

அந்த இடுகாட்டுச் சரிவும் கம்பெனியின் குத்தகை நிலம்தான். எங்கள் ஆட்களைப் புதைக்க விடுவது கம்பெனியின் தயவு, நாளைக்கே வேலி போட்டால் கேட்க எந்தக் காகிதமும் எங்களிடம் இல்லை. அதைச் சபையில் எழுந்து கேட்டு, பரிசீலனையில் இருக்கிறது என்ற பதிலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவள் நான். அம்மா பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல எடந்தாம்மா" என்றேன்.